மழைக்காட்டு படம் எல்லாம் தட்டையா, ஒரே பச்சையா வருது. எடிட்ல காப்பாத்த முடியுமா?

ஈரப்பாசி:
வணக்கம் மக்களே, மழைக்காட்டுக்குள்ள எடுத்த மூணு படம் போட்டிருக்கேன், பார்த்துட்டு தயங்காம சொல்லுங்க. நேர்ல நிக்கும்போது அந்த இடம் அவ்ளோ ஆழமா இருந்துச்சு, முன்னாடி பெரணி, அதுக்குப் பின்னாடி பலகை வேர் விட்ட பெரிய மரம், அதுக்கும் பின்னாடி மூடுபனி. படத்துல பார்த்தா எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி வச்ச மாதிரி கிடக்கு, மேல இலை இடுக்குல வானம் வெள்ளை வெள்ளையா ஓட்டை போட்ட மாதிரி தெரியுது. லைட்ரூம் எடிட்டிங் சாஃப்ட்வேர்ல கிளாரிட்டி (ஓரங்களை அழுத்திக் காட்டறது), டீஹேஸ் (மங்கலை நீக்கறது), வைப்ரன்ஸ் (நிறத்தைத் தூக்கறது) எல்லாம் ஏத்திப் பார்த்தேன், இன்னும் கசகசன்னு ஆகுது. மூணுமே 16 மிமீ லென்ஸ், அப்பர்ச்சர் எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 2 செகண்ட், டிரைபாட்ல வச்சு எடுத்தது. வீட்ல பெருசா பிரிண்ட் போட்டு மாட்டணும்னு ரொம்ப ஆசை, அதான் கேக்குறேன்.

கொடிவழி:
ரா ஃபைல் (கேமரா பதிவு பண்ணின மூல ஃபைல்) இருக்கா? ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தோட நிறத்தைச் சரிக்கட்டுற செட்டிங்) எதுல வச்சீங்க?

ஈரப்பாசி:
ரா இருக்குங்க. ஒயிட் பேலன்ஸ் ஆட்டோ.

மரநிழல்:
தம்பி, மூணையும் பெருசாக்கிப் பார்த்தேன். இடம் அருமையான இடம், அந்த வேர் ஒண்ணு போதும் படத்துக்கு. ஆனா இப்போ அந்த வேர் ஃப்ரேம்ல ஒரு மூலையில சின்னதா நிக்குது. 16 மிமீ பக்கத்துல இருக்கறத பெருசாக்கும், பின்னாடி இருக்கற மரத்தை எல்லாம் சின்னதாக்கித் தள்ளிரும், கூடவே நாலு பக்கமும் வேண்டாத குச்சி, கொடி, வானம் எல்லாத்தையும் உள்ள இழுத்துட்டு வரும். காட்டுல நான் பெரும்பாலும் 70லேருந்து 135 மிமீக்குள்ளதான் எடுப்பேன், கேமராவ கொஞ்சம் கீழ சாய்ச்சா வானமே ஃப்ரேம்ல வராது, பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சுது. முழு வெள்ளையா வெளிறிப்போன வானத்தை ஹைலைட் ஸ்லைடர் திரும்பக் கொண்டு வராது, அங்க தகவலே இல்ல. பிராக்கெட் பண்ணி, அதாவது வேற வேற வெளிச்ச அளவுல பல படம் எடுத்து சேக்கலாம்னா இலை ஆடுற இடத்துல ஓரமெல்லாம் ரெட்டை ரெட்டையா விழும்.

அடுத்தது செட்டிங். 2 செகண்ட்ல பெரணி நுனி எல்லாம் ஆடிப்போயிருக்கு பாருங்க, தட்டையா தெரியறதுக்கு அதுவும் ஒரு காரணம், ஏன்னா முன்னாடி இருக்கறது கூர்மையா இருந்தாத்தான் பின்னாடி இருக்கறது தூரமாத் தெரியும். எஃப் 16ஐ எஃப் 8 ஆக்கினா ரெண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு), ஐஎஸ்ஓ 800 வச்சா இன்னும் மூணு ஸ்டாப், ஷட்டர் 1/15க்கு வந்துரும். காத்து ரெண்டு வீச்சுக்கு நடுவுல ஒரு நொடி ஓயும், அப்போ அமுக்குங்க. ஐஎஸ்ஓ 800 நாய்ஸைப் பத்திக் கவலையே படாதீங்க, ஆடுன இலையத்தான் சரி பண்ண முடியாது.

சருகுகாடு:
பச்சையப் பத்தி நான் சொல்றேன். இலை சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிட்டு பச்சையத்தான் அதிகமா கீழ விடும், அதனால காட்டுக்குள்ள விழற வெளிச்சமே பச்சை. தரை வரைக்கும் வந்து சேர்றதே மேல விழற வெயில்ல நூத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் இந்தப் பச்சையப் பார்த்துட்டு மெஜந்தாவ ஏத்துது, உங்க ரெண்டாவது படத்துல மரப்பட்டை லேசா ஊதா அடிக்குதே, அதான். டெம்பரேச்சர 5500 பக்கம் வச்சுட்டு, பட்டையில சாம்பல் நிறமா இருக்கற இடத்தைப் பார்த்து டிண்ட்ட (பச்சை-மெஜந்தா ஸ்லைடர்) மெதுவா நகர்த்துங்க, முழுசா நியூட்ரல் ஆக்காதீங்க, கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தாத்தான் காடு.

அப்புறம் முக்கியமா ஒண்ணு, எச்எஸ்எல்ல (ஒவ்வொரு நிறத்தையும் தனியா மாத்துற இடம்) எல்லாரும் பச்சை ஸ்லைடரையே போட்டு உருட்டுவாங்க, இலையோட நிறம் பெரும்பாலும் மஞ்சள் ஸ்லைடர்லதான் உக்காந்திருக்கும். அதோட சாச்சுரேஷனக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க, தளிர் வேற, முத்தின இலை வேற, பாசி வேறன்னு தனித்தனியா பிரிஞ்சு தெரிய ஆரம்பிக்கும். வைப்ரன்ஸ் ஏத்தினா இதுக்கு நேர் எதிரா நடக்குது, எல்லா பச்சையும் ஒண்ணாயிருது.

மழைத்துளி:
பேசாம பிளாக் அண்ட் ஒயிட் ஆக்கிடுங்க சகோ, பச்சைத் தொல்லையே இல்ல.

மரநிழல்:
இல்லங்க, வெளிச்சம் எல்லா இடத்துலயும் ஒரே அளவா இருந்தா கலர் போனதும் இன்னும் தட்டையாத்தான் ஆகும். பின்னாடிலேருந்து வெளிச்சம் வர்ற படத்துக்கு சரி, இதுக்கு வேண்டாம்.

ஈரப்பாசி:
ரொம்ப நன்றி அண்ணா, சருகுகாடு உங்களுக்கும். ரெண்டாவது படத்தை வேர் மட்டும் இருக்கற மாதிரி கிராப் பண்ணி, நீங்க சொன்ன கலர் வச்சு மறுபடி போட்டிருக்கேன், பட்டை இப்போதான் பட்டை மாதிரி இருக்கு! ஆனா முன்னாடி இருக்கற அகல இலை மேல வெள்ளையா ஒரு பளபளப்பு, ஹைலைட் இறக்கினா சாம்பலா ஆகுதே தவிர பச்சை வரல. அப்புறம் மூணாவது படத்துல மூடுபனி ஏன் இவ்ளோ அழுக்கா தெரியுது?

மரநிழல்:
இலை மேல தெரியறது வானத்தோட பிரதிபலிப்பு. ஈர இலைக்கு மேல வெள்ளை வந்து பச்சைய மூடிருச்சு, எடிட்ல எடுக்கறதுக்கு அடியில ஒண்ணும் பதிவாகல. இதுக்கு போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கற லென்ஸ் ஃபில்டர்) ஒண்ணுதான் வழி. மாட்டிட்டு வியூஃபைண்டர்ல பார்த்துக்கிட்டே மெதுவா திருப்புங்க, ஒரு கட்டத்துல அந்த வெள்ளை அப்படியே வடிஞ்சு உள்ள இருக்கற பச்சை மேல வரும், பார்க்கவே அவ்ளோ நல்லா இருக்கும். ஆனா கடைசி வரைக்கும் திருப்பாதீங்க, மினுமினுப்பு மொத்தமா போனா ஈரமே போயிரும். ஒண்ணரை ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், அதனால ஐஎஸ்ஓ 1600 வைங்க, 1/10 பக்கம் கிடைக்கும்.

மூணாவது படத்துல இருக்கறது மூடுபனி இல்ல தம்பி. நிஜ மூடுபனி தூரம் போகப் போகத்தான் அடர்த்தியாகும், பக்கத்துல இருக்கறது தெளிவா இருக்கும். இங்க கை எட்டுற தூரத்து வேர்லயும் பின்னாடி மரத்துலயும் ஒரே அளவு மங்கல், ஓரத்தவிட நடுவுல அதிகம். லென்ஸ்ல ஆவி படிஞ்சிருக்கு. ஏசி வண்டியிலேருந்து நேரா இறங்கி எடுத்தீங்களா?

ஈரப்பாசி:
ஆமாங்க, வண்டியிலேருந்து இறங்கின உடனே எடுத்தது அது!

கொடிவழி:
அப்போ அதான். குளிர்ந்த கண்ணாடி மேல ஈரக்காத்து பட்டா ஆவி படியத்தான் செய்யும். ஏசில இருக்கும்போதே கேமராவ காத்துப் புகாத கவர்ல போட்டு மூடிருங்க, வெளிய வந்ததும் கவரோடயே வைங்க, உள்ள இருக்கறதும் வெளிச்சூட்டுக்கு வர்ற வரைக்கும் திறக்காதீங்க. துடைச்சாலும் மறுபடி மறுபடி படியும். திரும்பி வந்ததும் சிலிக்கா ஜெல்லோட வச்சிருங்க, ஈரத்தோட பையில கிடந்தா லென்ஸுக்குள்ள ஃபங்கஸ் வந்துரும்.

ஈரப்பாசி:
கண்டிப்பா. ரெண்டாவது படத்தோட கடைசி வெர்ஷன் போட்டிருக்கேன் அண்ணா, கிளாரிட்டிய பூஜ்யத்துக்குக் கொண்டு வந்துட்டு, பின்னணிக்கு மட்டும் மாஸ்க் போட்டு டீஹேஸ மைனஸ்ல வச்சேன்.

மரநிழல்:
இதான் வேணும். இப்போ கண்ணு நேரா வேருக்குப் போய், அங்கிருந்து பின்னாடி பனிக்குள்ள நழுவுது. இடது கீழ் மூலையில வெளிறின இலை ஒண்ணு மட்டும் இழுக்குது, அதை அரை ஸ்டாப் இறக்கிருங்க. பிரிண்ட்டுக்கு அனுப்பும்போது நிழல் பகுதிய திரையில தெரியறதவிட கொஞ்சம் தூக்கி வைங்க, பேப்பருக்குப் பின்னாடி லைட் இல்ல, வேர் மடிப்புல இருக்கற பாசி எல்லாம் கருப்பாயிரும். பெருசா போடறதுக்கு முன்னாடி சின்ன சைஸ்ல ஒண்ணு எடுத்து, மாட்டப் போற சுவத்துகிட்டயே வச்சுப் பாருங்க.