புதன்கிழமை 11.40: தந்தமுள்ள யானையா, தந்தமில்லாத யானையா?

வியாசர்பாடிக்காரன்:

நாங்கள் பர்மாவிலிருந்து வந்த குடும்பம். அம்மா பிறந்தது ரங்கூனில். 1964இல் கடைகள் அரசுடைமையானதும் கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடியேறினார்கள். ரங்கூனின் இன்றைய பெயரான யாங்கோன் எங்கள் வீட்டில் யார் வாயிலும் இன்றுவரை ஒட்டவில்லை. 2019இல் நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கடிகாரம் தொந்தரவு கொடுக்கவில்லை. கிரீன்விச்சிலிருந்து நமக்கு ஐந்தரை மணி நேரம், அவர்களுக்கு ஆறரை. அரை மணி வால் இருவருக்கும் இருப்பதால் சரியாக 1 மணி நேரம் கூட்டினால் போதும். வெயிலும் அதே கணக்கில்தான் வருகிறது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 16 பாகை கிழக்கே இருக்கிறது ரங்கூன். பாகைக்கு 4 நிமிடம் என்றால் 64 நிமிடம்.

என்னை ஏமாற்றியது அத்தோ. பர்மா பஜார் பக்கம் தள்ளுவண்டியில் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு இது. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மேலே நொறுக்கிப் போட்ட பேஜோ என்ற மொறுமொறு வறுவல், பக்கத்தில் வாழைத்தண்டு சூப். அந்தத் தைரியத்தில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து "அத்தோ" என்றேன். பையன் எதில் என்று கேட்டான். அங்கே அந்தச் சொல்லுக்குக் கையால் பிசைந்து கலந்தது என்றுதான் பொருளாம். இஞ்சியிலும் உண்டு, தேயிலையிலும் உண்டு. நான் பேந்தப் பேந்த விழிக்க, புளிக்க வைத்த தேயிலையில் வறுத்த பருப்பும் பூண்டும் கலந்து ஒரு தட்டு வந்தது. முதல் வாய் கசந்தது. மூன்றாவது வாயில் இன்னொரு தட்டு கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்பதில்தான் சிக்கல்: அங்கே பையனைக் கூப்பிட முத்தமிடுவதுபோல் உதட்டால் ஒலி எழுப்புகிறார்கள். எங்கள் வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் அப்படிக் கூப்பிட்டால் டீ வராது, வேறு ஏதாவது வரும். கையை உயர்த்திக் காட்டிச் சமாளித்தேன்.

நான் சொல்ல வந்தது ரங்கூனின் பெரிய புத்தர் கோயிலான சுவேதகோன் பகோடாவில் நடந்தது. பெரிய தூபியைச் சுற்றி எட்டு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை, ஒரு விலங்கு. பிறந்த கிழமைக்குரிய இடத்தில் சிறு கிண்ணத்தால் நீர் மொண்டு சிலைக்கு ஊற்ற வேண்டும். கிழமை ஏழுதானே, இடம் எட்டு எப்படி? புதனை இரண்டாக வெட்டியிருக்கிறார்கள். முற்பகலுக்குத் தந்தமுள்ள யானை, தெற்குத் திசை. பிற்பகலுக்குத் தந்தமில்லாத யானை, வடமேற்கு. அதற்கு அதிபதி ராகு.

நான் புதன்கிழமை பிறந்தவன். நேரம் காலை 11.40.

அங்கே தமிழ் பேசும் பெரியவர் ஒருவர் துணைக்கு வந்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, நீங்கள் பிறந்தபோது இங்கே 12.40. எங்கள் கணக்குக்கு நீங்கள் தந்தமில்லாத யானை." சற்று யோசித்துவிட்டு அவரே மாற்றிச் சொன்னார்: "இல்லை இல்லை, அம்மா எந்த ஊரில் பெற்றார்களோ அந்த ஊர் மணிதான்." தெற்கே போய் ஊற்றினேன். படி இறங்கும்போது மனம் கேட்கவில்லை. வெறுங்காலில் சுடும் பளிங்குத் தரையில் திரும்பி ஓடி, வடமேற்கிலும் ஊற்றிவிட்டு வந்தேன்.

ராயபுரம் பேத்தி:

உங்களுக்கு ஒரு மணி நேரம்தான், எனக்கு இரண்டரை. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். வேலையெல்லாம் முடித்து இரவு பத்துக்கு நான் போன் செய்தால் அவருக்குப் பன்னிரண்டரை. அங்கே போன முதல் நாள் ஆறரை மணிக்கு எழுந்து பார்த்தேன், வெளியே கும்மிருட்டு. கடிகாரம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். சூரியனைக் கேட்டால் அந்த ஊர் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முன்னால் இருந்தால் போதும். 1982 பிறந்தபோது மலேசியா தன் கிழக்கு மாநிலங்களோடு ஒத்துப்போக அரை மணி முன்னால் தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளி, ஏழரையாக இருந்ததை எட்டு ஆக்கிக்கொண்டது.

உணவங்காடியில் காலி மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போனது என்று எடுத்துக் கை துடைத்தபடி உட்கார்ந்துவிட்டேன். தட்டோடு வந்த பெண்மணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இடம் பிடிக்க வைத்ததாம். வள்ளலார் நகரில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடும் ஊர்க்காரிக்கு இது புரியாமல் போயிற்று.

தண்டையார்பேட்டை:

புதன்கிழமை ராகுகாலம் நமக்கும் பகல் 12க்குத்தான் தொடங்குகிறது, கவனித்தீர்களா? நாம் ஒன்றரையோடு விட்டுவிடுகிறோம், அவர்கள் பிற்பகல் முழுவதையும் ராகுவுக்கே கொடுத்துவிட்டார்கள். 11.40 என்று எழுதிய கடிகாரம் சரியாக ஓடியதா என்று முதலில் அம்மாவைக் கேளுங்கள்.

வியாசர்பாடிக்காரன்:

கேட்டேன். "அதெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது, இரண்டு பக்கமும் ஊற்றினாய் அல்லவா, போதும்" என்றார். அடுத்த கேள்விதான் மாட்டிவிட்டது: "அக்கா சனிக்கிழமை பிறந்தவள், நாகத்துக்கு ஊற்றினாயா?" ஊற்றவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.