ஒன்றரை நாள், ஒரு பழைய ஜீப்: மீமுரேயா, ஓஹியாவா?

வணக்கம் உறவுகளே. இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை விடியப் புறப்பட்டு, ஞாயிறு மாலைக்குள் வீடு திரும்ப வேண்டும். திங்கள் வேலை, லீவு கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அண்ணனின் பழைய ஃபோர்வீல் ஜீப் இருக்கிறது. முதல் ஆசை மீமுரே என்ற மலைக் கிராமம்: ஹுன்னஸ்கிரியவில் மஹியங்கனை வீதியை விட்டுத் திரும்பி, லூல்வத்தை, கோர்பெட்ஸ் கெப் கணவாய் வழியாக நக்கிள்ஸ் மலைக்குள் இறங்குவது. ஆனால் கண்டியைத் தாண்டவே பாதி நாள் போய்விடும். அதனால் இப்போது ஹோர்ட்டன் சமவெளிக்கு அருகிலுள்ள ஓஹியா பக்கம் சாய்கிறேன். அங்கிருந்து உடவேரிய தோட்டத்தின் ஊடாகக் கல்லும் பள்ளமுமாகக் களுபஹனவுக்கு இறங்கும் டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ் பாதை. கீழே 263 மீற்றர் உயரப் பம்பரகந்த நீர்வீழ்ச்சி. திரும்புவது ஹப்புத்தளை, வெலிமடை, நுவரெலியா வழியாக.

அண்மையில் இறங்கியவர்கள் சொல்லுங்கள்: துணைக்கு இன்னொரு வாகனம் இல்லாமல் போகலாமா? இறங்க எத்தனை மணித்தியாலம் பிடித்தது? முதல் நாள் மழை பெய்திருந்தால் கைவிடுவதுதான் புத்தியா? அம்மாவும் வருவேன் என்று அடம்பிடிக்கிறார். அவருடைய இடுப்பு அந்தக் குலுக்கலைத் தாங்குமா என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.