சிறிய ட்ரையல் ரூமில் முழு உருவம் தெரிய எவ்வளவு உயரக் கண்ணாடி வேண்டும்?

துணிக்கடைக்காரன் (கேள்வி):

எங்கள் கடையின் ட்ரையல் ரூமில் 75 செ.மீ. உயரமுள்ள கண்ணாடியை, கீழ் விளிம்பு தரையிலிருந்து 105 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி மாட்டியிருக்கிறோம். பேன்ட் போட்டுப் பார்ப்பவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே தெரிவதில்லை. கதவைத் திறந்து பின்னால் நகர்ந்தால் முழுதும் தெரியும் என்று கண்ணாடிக் கடையில் சொன்னார்கள். நகர்ந்து பார்த்தும் பயனில்லை. ஆனால், எனக்குப் பின்னால் தள்ளி நிற்பவர் செருப்பு வரை தெரிகிறார். என் கால் மட்டும் ஏன் தெரியவில்லை? எவ்வளவு உயரக் கண்ணாடி வாங்க வேண்டும்?

இயற்பியல் ஆசிரியர்:

சமதள ஆடிக்கு முன்னால் நீங்கள் எவ்வளவு தொலைவில் நிற்கிறீர்களோ, அவ்வளவு தொலைவில் ஆடிக்குப் பின்னால் உங்கள் மாயபிம்பம் அமைகிறது. ஆகையால் கண்ணுக்கும் பிம்பத்துக்கும் நட்டநடுவில்தான் ஆடி எப்போதும் இருக்கும். பாதத்திலிருந்து கிளம்பும் ஒளி, படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற விதிப்படி, கண்ணின் உயரத்தில் சரிபாதியில் ஆடியைத் தொட்டால்தான் கண்ணை வந்தடையும். கண் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்த இடம் 75 செ.மீ.; ஒரு மீட்டர் தள்ளி நின்றாலும் ஐந்து மீட்டர் தள்ளி நின்றாலும் அது மாறாது. உங்கள் ஆடி 105 செ.மீ.யில்தான் தொடங்குவதால், உடலில் 60 செ.மீ.க்குக் கீழே உள்ளது எதுவும் தெரியாது.

பின்னால் நிற்பவரின் கதை வேறு. கண்ணிலிருந்து கீழ் விளிம்பு வழியாகச் செல்லும் பார்வைக் கோடு எதிரொளித்த பிறகும் சரிந்துகொண்டே போகிறது. உங்களைக் கடக்கையில் 60 செ.மீ. உயரத்தில் இருக்கும் அது, ஆடிக்கும் உங்களுக்கும் உள்ள தொலைவைப் போல ஏறத்தாழ 2.3 மடங்கு தொலைவில் தரையைத் தொடும். அதற்கு அப்பால் நிற்பவர் பாதம் வரை தெரிவார். நீங்கள் பின்னால் நகர்ந்தால் அந்த இடமும் பின்னால் போகும் என்பதால், அவருடைய செருப்பும் மறையத்தான் செய்யும்!

ஐயம் இருந்தால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உச்சந்தலையும் மோவாயும் தெரியும் இடங்களில் கண்ணாடியின் மேலேயே சோப்பால் கோடிடுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் முகத்தின் பாதியே இருக்கும். நேராகப் பின்னால் நகர்ந்தாலும் முகம் அந்தக் கோடுகளுக்குள்ளேயே நிற்கும்.

ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் உயரத்தில் பாதி போதும், கடைக்குப் போதாது. 180 செ.மீ. உயரமானவரின் கண் 168 செ.மீ.யில் இருந்தால், ஆடியின் மேல் விளிம்பு 174 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கண் 100 செ.மீ.யில் உள்ள சிறுவனுக்குக் கீழ் விளிம்பு 50 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஆக 124 செ.மீ., அதாவது நாலடிக்குச் சற்று மேல்.

மரவேலைக்காரர்:

கண்ணாடிக் கடையில் சொன்னதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆணியில் தொங்கும் சட்டம் போட்ட கண்ணாடியின் மேல்பக்கம் பெரும்பாலும் முன்னால் சாய்ந்திருக்கும், அப்போது தூரம் கணக்கில் வரும். உங்கள் கண்ணாடியே 5° சாய்ந்தால், ஒரு மீட்டரில் நிற்பவருக்கு 20 செ.மீ.க்கு மேலும், இரண்டு மீட்டரில் நிற்பவருக்கு ஏறத்தாழ 40 செ.மீ.யும் கூடுதலாகக் கீழே தெரியும். இருந்தாலும் ட்ரையல் ரூமில் இரண்டு மீட்டருக்கு எங்கே போவது?

துணிக்கடைக்காரன்:

இருவருக்கும் நன்றி. பழைய இடத்திலேயே, வண்டிகளின் பக்கவாட்டில் இருப்பதைப் போன்ற குவி ஆடியை வைத்தால் செலவு மிஞ்சுமா?

இயற்பியல் ஆசிரியர்:

குவி ஆடியில் பின்னால் நகர நகரக் கூடுதலாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பிம்பம் சிறுத்துவிடும். உடம்பின் ஓரங்களும் வளைந்து தெரியும். துணியின் பொருத்தத்தைப் பார்க்க வருபவருக்கு அது எந்த வகையிலும் உதவாது.

மரவேலைக்காரர்:

நாலடிக் கண்ணாடியைக் கதவில் பதிக்காமல் சுவரில் பதியுங்கள். பதிக்கும் முன் ரசமட்டம் வைத்துச் சுவர் செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி 1° சாய்ந்தாலே எதிரொளித்த கதிர் 2° திரும்பிவிடும்.