நிறுத்தி வைத்த டர்ட் பைக்கில் பெட்ரோல் சொட்டுகிறது

கோத்தகிரிக்காரன்:
செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய கார்புரேட்டர் வண்டி, மழைக்காலம் முழுக்க தார்ப்பாய்க்குள் சும்மா நின்றது. போன வாரம் தேயிலைத் தோட்டப் பாதையில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு ஷெட்டில் விட்டேன், காலையில் பார்த்தால் தரையில் உள்ளங்கை அகல ஈரம், ஒரே பெட்ரோல் வாடை. கார்புரேட்டருக்குக் கீழே தொங்கும் ட்யூபின் நுனியில் சொட்டு நிற்கிறது. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆகணுமா?

குன்னூர் ஸ்பேனர்:
அவசரப்படாதீங்க. அது ஓவர்ஃப்ளோ ட்யூப், அதில் வந்தால் பெரும்பாலும் ஃப்ளோட் நீடில் (ஃப்ளோட் என்ற மிதவை மேலே ஏறியதும் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி) சரியாக மூடவில்லை. டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் காக்கை (திறந்து மூடும் வால்வு) மூடினால் சொட்டு நிற்கிறதா பாருங்கள். நின்றால், திறந்துவிட்டு ஸ்க்ரூடிரைவர் பிடியால் பௌலை (கார்புரேட்டரின் அடிக்கிண்ணம்) மெல்லத் தட்டுங்கள், சில சமயம் சிக்கிய தூசி விலகிவிடும். இல்லையென்றால் கழற்ற வேண்டியதுதான். நீடிலின் ரப்பர் முனையில் வட்டமாகத் தடம் விழுந்திருந்தால் புதிது போடுங்கள். ஃப்ளோட்டையும் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே தளும்பினால் ஓட்டை. கழற்றும்போது பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம்.

ஊட்டி மேடு:
ஸ்டார்ட் பண்ணும் முன் இன்ஜின் ஆயிலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் உள்ளேயும் இறங்கியிருக்கிறது, ஆயிலை மாற்றாமல் கிக் அடிக்காதீங்க. அப்புறம் சரிவில் சாய்த்து நிறுத்தினாலும் கொஞ்சம் வழியும் (நம்ம ஊரில் சமதளத்துக்கு எங்கே போவது!).

கோத்தகிரிக்காரன்:
கழற்றினேன். நீடில் முனையில் மோதிரம் மாதிரி தடம், பௌலின் அடியில் துருத்தூள். டேங்கைக் கழுவி, நீடில் மாற்றி, இரண்டு ராத்திரி ஆச்சு, தரை காய்ந்தே இருக்கிறது. ஆயில் தப்பித்தது.