கிணற்றுத் தரவு மூன்று கோப்பில மூன்று விதமா இருக்கு, எதை நம்புறது?

வாவிக்கரை (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பில ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில உதவியாளரா சேர்ந்து எட்டு மாசம். நாவலடி, கல்லடி, ஆரையம்பதி, மருதமுனை எண்டு கரையோர மணல் கிணறு 42இல தண்ணி எடுத்து நைத்திரேற்றும் (உரம், கழிவில இருந்து தண்ணியில கலக்கிறது, கூடினா கைப்பிள்ளைக்குக் கூடாது) மின்கடத்துதிறனும் (தண்ணியில உப்பு எவ்வளவெண்டு காட்டிறது) பார்க்கிறம். கோடைக்கு ஒருக்கா, மாரிக்கு ஒருக்கா. 2021இல தொடங்கின வேலை, எனக்கு முதல் ஆறு பேர் கை மாறிட்டு.

தரவு மூண்டு இடத்தில கிடக்கு. குழுவை நடத்திற சேரிட மடிக்கணினியில ஒரு எக்செல். ஆய்வுகூட லாச்சிக்குள்ள பென் டிரைவில ஒண்டு. படிக்க வெளிநாடு போன அக்காட சொந்தக் கூகுள் டிரைவில இன்னொண்டு. அவ நல்ல அக்கா, கேட்டா உடனே திறந்து விடுவா. ஆனா அந்தக் கணக்கை அவ ஒருநாள் மூடினா எங்களுக்கு ஒண்டுமில்ல. மூண்டிலயும் ஒரே கிணறு, ஒரே திகதி, எண் மட்டும் வேற. மருதமுனைக் கிணறு ஒன்பதும் ஒரு கோப்பில திகதியாவே மாறிக் கிடக்கு.

இத நான் அவசரமாக் கேக்கிறதுக்கு காரணம் இருக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் பெறுபேற்றை ஒரு சின்னத் துண்டில எழுதிக் குடுக்கிறம். போன கிழமை நாவலடியில ஒரு தாய் 2022 துண்டை எடுத்துக் காட்டி, "பன்னிரண்டு எண்டு போட்டிருக்கு, பிள்ளைக்கு இதிலதான் பால்மா கரைக்கிறன், பிரச்சினை இல்லத்தானே?" எண்டு கேட்டா. கைப்பிள்ளை, நாலு மாசம். சேரிட கோப்பில அதே கிணத்துக்கு 53. என்னால அவவுக்குப் பதில் சொல்ல ஏலாமப் போயிட்டு.

---

மணல்மேடு:

தங்கச்சி, முதல்ல மூண்டு கோப்பிலயும் ஆரும் கை வைக்க வேணாம். அப்படியே பிரதி எடுத்து "மூலம்" எண்டு ஒரு கோப்புறையில போட்டு, வாசிக்க மட்டும் அனுமதி வையுங்க. திருத்திறது எல்லாம் வேற பிரதியில. நான் நெல் ஆய்வுக் குழு ஒண்டில ஐஞ்சு வருசம் தரவு பார்த்தவன். சரியெண்டு நினைச்சு மூலத்திலேயே திருத்தி, மறுகா பழைய எண் என்னெண்டு தெரியாம ஒரு போகத் தரவை முழுசாக் கைவிட்டிருக்கம். அந்த வலி எனக்கு இன்னும் ஆறேல்ல.

மருதமுனைப் பிரச்சினை எக்செல்ட வேலை. ஊர்ப் பேரிட ஆங்கில முதல் மூண்டு எழுத்தைப் போட்டு "மார்-4" எண்டு அடிச்சிருப்பீங்க. எக்செல் அத மார்ச் 4 எண்டு எடுத்துக்கொள்ளும். உள்ளுக்குள்ள 1900இல இருந்து எண்ணின நாள் கணக்காத்தான் வைக்கும், அடிச்ச வருசத்தையும் தானாச் சேர்க்கும். 2021இல அடிச்ச மார்-4 அதுக்கு 44259. 2022இல அடிச்சது 44624. அதனால ஒரே கிணறு ரெண்டு கிணறாத் தெரியும். மரபணு ஆராய்ச்சிக்காரருக்கும் இதே தொல்லைதான். செப்-1, மார்ச்-1 மாதிரிப் பேர்களை எக்செல் திகதியாக்கினதால 2020இல மரபணுப் பேர்களையே மாத்தினாங்க.

உங்கட தரவு தப்பும். நாள் அப்படியே இருக்கும், நாலாந் திகதி எண்டா நாலாங் கிணறு. இனிமேல் குறியீட்டை மாத்துங்க, நிரலை முதலே எழுத்து வடிவத்துக்கு வைச்சிட்டு அடியுங்க. திகதியை வருசம், மாசம், நாள் எண்ட ஒழுங்கில எழுதுங்க.

அக்காட டிரைவில இருக்கிறதை இண்டைக்கே இறக்குங்க. பல்கலைக்கழகக் கணக்கில பகிர்வு இயக்ககம் (ஷெயார்ட் டிரைவ்) திறக்க ஏலுமெண்டா அங்க வையுங்க. அதில கோப்பு குழுவுக்குச் சொந்தம், ஆள் போனாலும் கோப்பு போகாது.

---

ஆய்வுகூடம்_கல்முனை:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். 12ஐயும் 53ஐயும் பார்த்தவுடன் எனக்கு நெஞ்சு திக்கென்றது தங்கச்சி. 12ஐ 4.43ஆல் பெருக்கிப் பாருங்க, 53 வரும்.

நைத்திரேற்றை இரண்டு விதமாச் சொல்லலாம். நைத்திரேற்றாகவே சொன்னால் உலக சுகாதார நிறுவன வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதிலுள்ள நைதரசனை மட்டும் சொன்னால் அதே அளவு ஏறத்தாழ 11. அப்படியென்றால் 12உம் 53உம் ஒரே அளவுதான், எப்படிச் சொன்னாலும் எல்லையைத் தாண்டினது. கலரிமீட்டர்கள் (நிறத்தை வைத்து அளக்கும் கருவிகள்) பல நைதரசனாகத்தான் காட்டும். ஒருவர் மீட்டர் காட்டினதை அப்படியே எழுதியிருப்பார், இன்னொருவர் பெருக்கி எழுதியிருப்பார். நிரல் தலைப்பில் வெறுமனே "நைத்திரேற்று" என்று இருந்தால் பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்? அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு வரி எழுதி வையுங்க: என்ன அளந்தது, எந்த அலகு, எந்தக் கருவி, யார், எப்போது. நான் அதை ஆய்வுகூடச் சுவரிலும் ஒட்டி வைத்திருக்கிறேன். மின்கடத்துதிறனையும் பாருங்க, மைக்ரோவா மில்லியா என்று. அங்கே ஆயிரம் மடங்கு பிசகும்.

அந்த வீட்டுக்கு இப்போதே ஒரு கோல் எடுங்க. முடிவு தெரியும் வரை பிள்ளைக்கு வேறு தண்ணீரில் மா கரைக்கச் சொல்லுங்க. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். இதைக் கட்டாயம் சொல்லுங்க.

---

மணல்மேடு:

கல்முனை ராத்தா சொன்னதுதான் முதல் வேலை. என்ட கோப்புறைக் கதையெல்லாம் பிறகு.

ஒண்டு மட்டும் சேர்க்கிறன். வீட்டுக்காரர் பேர், போன் நம்பர், கிணத்திட ஜிபிஎஸ் எல்லாம் அதே எக்செல்ல இருக்குதெண்டா பிரிச்சு வேற கோப்பில வையுங்க, ரெண்டு பேர் மட்டும் திறக்கிற மாதிரி. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2022இல 9ஆம் இலக்கச் சட்டம் வந்திட்டு. சட்டம் இல்லாட்டியும், நம்பித் தண்ணி அள்ளித் தந்த சனம். வெளியில குடுக்கேக்க ஜிபிஎஸ் ஆள்கூற்றை ரெண்டு தசமத்தோட நிறுத்துங்க. நாலு தசமம் எண்டா பத்துப் பதினொரு மீற்றருக்குள்ள வளவையே காட்டிக் குடுக்கும்.

---

வாவிக்கரை:

ராத்தா, அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. ராத்தாட பதிலை வாசிச்ச கையோட கோல் எடுத்தன். பக்கத்து வீட்டுக் குழாய்த் தண்ணி எடுக்கிறனெண்டு சொன்னா.

மறுகா ஆய்வுகூடத்தில பழைய களக் கொப்பிகளைத் தேடினன். 2022 கொப்பி மழையில நனைஞ்சு ஒட்டிக் கிடந்தது, மெல்லப் பிரிச்சுப் பார்த்தா அந்த அக்காட கையெழுத்தில 12, பக்கத்தில சின்னதா "என் (N) ஆக" எண்டு, அதாவது நைதரசனாக. அவ சரியாத்தான் எழுதியிருக்கா. எக்செல்லுக்கு ஏத்தினவங்க அதை விட்டிட்டாங்க. கொப்பி எல்லாத்தையும் பக்கம் பக்கமாப் படம் எடுத்து மூலக் கோப்புறையில போட்டிட்டன்.

சேரிட்டக் காட்டினன். கனநேரம் பேசாம இருந்தார். 2022இல துண்டு குடுத்த வீடு எல்லாத்துக்கும் திரும்பப் போகவேணும் எண்டார். சனிக்கிழமை காலமை நாவலடியில இருந்து தொடங்கிறம்.