பழைய கார் ஏசி கொம்ப்ரசர் கசிவு: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

எங்கள் வீட்டில் 1997 டொயோட்டா கொரோலா 110 கார் ஒன்று நிற்கிறது. அப்பா வாங்கியது. அதை விற்றுவிட்டு வேறொன்று எடுக்கலாம் என்று நினைத்த நேரம் பார்த்து, 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு திறக்க 2025 ஆகிவிட்டது. அதுவரை இருப்பதைத் திருத்தித் திருத்தி ஓடியவர்களில் நானும் ஒருவன்.

ஏசி கதை 2023 ஏப்ரலில் தொடங்கியது. காலி வீதி நெரிசலில், பம்பலப்பிட்டியில் நிற்கும்போது உள்ளே வெறும் காற்றுத்தான் வந்தது. வீட்டுக்குப் பக்கத்து கராஜில் காட்டினேன். “காஸ் முடிஞ்சுது” என்று சொல்லி அடித்துவிட்டார்கள். ஐஸ் மாதிரி வந்தது, ஆறு வாரம். மறுபடி அடித்தோம், மூன்று வாரம். மூன்றாம் தடவை பத்து நாள்கூட நிற்கவில்லை. ஏசி காஸ் என்ன பெற்றோலா, எரிந்து முடிவதற்கு? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற சாமான் அது. குறைந்தால் எங்கோ வெளியே போகிறது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டே மூன்று தடவை காசு கொடுத்தேன். வெக்கை அப்படி.

அப்புறம் அலுவலக நண்பர் ஒருவர் மருதானைப் பக்கம் ஏசி வேலை மட்டும் செய்கிற ஒரு நானாவிடம் அனுப்பினார். நானா பொனட்டைத் திறந்தார். அமுக்கம் பார்க்கிற கேஜைத் தொடவில்லை. டோர்ச் அடித்து, பொனட்டின் உட்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். காஸை அமுக்கிச் சுற்றவிடுகிற கொம்ப்ரசரின் முன்னால், கிளட்ச் சுழல்கிற நேருக்கு, தூசி ஒட்டிய கறுப்புக் கோடு ஒன்று. விரலால் தடவினால் பிசுபிசுப்பு. “காஸ் தனியாப் போகாது தம்பி, ஒயிலையும் கூட்டிக்கொண்டுதான் போகும்” என்றார். கொம்ப்ரசரின் மூக்குப் பகுதியில் கசிகிற ஒயிலை கிளட்ச் சுழன்று வீசியடித்திருக்கிறது. மூன்று தடவை அந்தப் பொனட்டைத் திறந்தவர்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

இருந்தாலும் ஊகத்தில் கழற்றமாட்டேன் என்றார். குழாய்க்குள் நைதரசன் அடித்து, வெளியே சவர்க்கார நுரை பூசினார். பைப் இணைப்புகளில் ஒன்றுமில்லை. கிளட்ச் தட்டுக்குப் பின்னாலிருந்து நுரை மெதுவாகப் பொங்கியது. கொம்ப்ரசர் தண்டைச் சுற்றிக் காஸை அடைத்து வைக்கிற ஷாஃப்ட் சீல்தான் போயிருந்தது.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. “காரைக் கனகாலம் நிப்பாட்டி வச்சிருந்தீங்களா?” 2022இல் யார்தான் நிறுத்தி வைக்கவில்லை? முதலில் பெற்றோலே இல்லை. பிறகு கியூஆர் குறியீட்டுப் பங்கீடு வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர். ஓடிய கொஞ்ச நாளும் மிச்சம் பிடிக்க ஏசியைப் போடவே இல்லை. அதுதான் வினையாகியிருக்கிறது. அந்த சீல் ஒரு ரப்பர் உதடு. ஏசி ஓடும்போது காஸோடு சுற்றுகிற ஒயில்தான் அதை ஈரமாக வைத்திருக்கிறது. மாதக்கணக்கில் ஓடாமல் விட்டால் காய்ந்து இறுகிவிடும். கால் நூற்றாண்டு கண்ட ரப்பர் வேறு. நான் மிச்சம் பிடித்த பெற்றோல் இப்படித்தான் திரும்பி வந்து கணக்குக் கேட்டது.

முழுக் கொம்ப்ரசரையும் மாற்றுவதா, சீல் மட்டுமா என்பது அடுத்த பிரச்சினை. நானா கொம்ப்ரசரை இறக்கி, ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். ஒரே சீராகச் சுற்றியது. உள்ளே இருந்த ஒயிலை அளவுக் கோப்பையில் ஊற்றினார். தெளிவாகத்தான் இருந்தது. சாம்பல் நிறமாக இருந்து, வெளிச்சத்தில் பிடிக்கும்போது உலோகத் துகள் மினுங்கினால் சீல் போட்டுப் பயனில்லையாம். கொம்ப்ரசரையும் மாற்றி, குழாய்களையும் கழுவ வேண்டும். எனக்கு சீல் போதும் என்று முடிவானது.

சீலுக்காக, வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு இரண்டு நடை. முதல் தடவை கொண்டுவந்தது பார்வைக்கு அதேதான், ஆனால் ஷாஃப்டில் லூஸ். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். கிளட்ச் தட்டுக்குள் காகிதம் போல மெல்லிய வொஷர்கள் இருந்தன. அவற்றைக் கழற்றிய வரிசையிலேயே துணியில் அடுக்கி வைத்தார். தட்டுக்கும் பெல்ட் சுற்றுகிற சக்கரத்துக்கும் நடுவே அரை மில்லிமீற்றர் அளவு இடைவெளி நிற்பது அவற்றால்தான். திறந்த இணைப்புகளுக்கு எல்லாம் புது ஓ-ரிங், ஈரத்தை உறிஞ்சுகிற ட்ரையரும் புதிது.

அன்று பின்னேரம் மழை. அந்த ஈரப்பதத்தில் குழாய்களைத் திறந்து வைப்பதே அவருக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு வாயையும் மூடி போட்டு அடைத்தார். உள்ளே ஈரம் நின்றால், காஸ் விரிந்து குளிர்கிற சின்ன வாயான எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் குளிரும், நிற்கும், திரும்பக் குளிரும். முக்கால் மணி நேரம் வேக்கம் பம்ப் போட்டு உள்ளிருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, பம்பை நிறுத்தி, இன்னொரு அரை மணி நேரம் ஊசி அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே பிளேன் டீ குடித்தோம். பிறகு காஸ். கேஜைப் பார்த்து அல்ல, தராசில் வைத்து, பொனட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குக்கு. முன்பு அடித்தவர்கள் யாரும் தராசு வைத்திருக்கவில்லை. உள்ளே காஸ் கொஞ்சம் திரவமாக மிச்சம் இருந்தாலே, எஞ்சின் நிற்கும்போது அமுக்கம் காஸ் நிறைந்திருக்கும்போது காட்டுகிற அதே எண்ணைத்தான் காட்டும் என்று நானா சொன்னது எனக்குப் புதிது.

அதற்குப் பிறகு இன்றுவரை காஸ் அடிக்கவில்லை. உங்களுக்கு என்ன நடந்தது?

*தெஹிவளையிலிருந்து:*
எனக்கும் கொம்ப்ரசர் என்றுதான் சொன்னார்கள், பழையதைப் புதுப்பித்து விற்கிற ரீகண்டிஷன் ஒன்று வாங்கியும் போட்டேன். ஒரு மாதத்தில் பழைய கதை. உண்மையில் ஓட்டை, காருக்கு முன்னால் காஸின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சரில். கடற்கரைப் பக்கம் பதினைந்து வருடமாக வெளியில் நிற்கிற கார். உப்புக் காற்று தின்று, விரல் வைத்தால் தகடு மாவாக உதிர்ந்தது. நைதரசன் சோதனை செய்யாமல் சாமான் வாங்கச் சொல்பவரிடம் போகாதீர்கள். நல்லாயிருந்த பழைய கொம்ப்ரசரையும் ரீகண்டிஷனுக்குப் பதிலாக அவரிடமே கொடுத்துவிட்டேன், அதுதான் இன்னும் வயிறு எரிகிறது.

*நுகேகொடையிலிருந்து:*
நான் கொஞ்சம் மூத்தவன். என்னுடைய நிசான் சன்னி, ஆர்12 என்ற பழைய ஏசி காஸ் காலத்து வண்டி. ஓசோனைக் காக்கிற மொன்றியல் உடன்படிக்கை 1987இல் வந்தது, இலங்கை 1989இல் சேர்ந்தது. ஓசோனைக் கெடுக்கிற அந்தக் காஸ் பிறகு கிடைக்காமலே போய்விட்டது. ஒருவர் பழைய ஒயிலை மாற்றாமல், அதற்குப் பதிலாக வந்த ஆர்134ஏ காஸை அடித்தார். அந்த மினரல் ஒயில் புதுக் காஸோடு கலந்து சுற்றாது. கொம்ப்ரசருக்கு எண்ணெய் திரும்பி வராமல் ஒரே வெயில் காலத்தில் இறுகிவிட்டது. ஆர்12 வண்டி வைத்திருப்பவர்கள் ஒயில், ட்ரையர், ஓ-ரிங் மூன்றையும் சேர்த்து மாற்றாமல் காஸை மாற்றவேண்டாம்.

*கொட்டாஞ்சேனையிலிருந்து:*
என் கதை சின்னது. கொம்ப்ரசர் மாற்ற வேண்டும் என்று ஒரு கராஜில் பெரிய தொகை எழுதித் தந்தார்கள். அண்ணா சும்மா சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்த்தார். காஸ் அடிக்கிற வால்வின் நடு ஊசியில் குமிழி. சைக்கிள் டியூப் வால்வு அளவுச் சாமான், அதுக்கு மூடியும் இல்லை. பெண் பிள்ளை தனியாகக் காரோடு போனால் இப்படித்தான் எழுதித் தருவார்களோ என்னவோ. ஒரு கேள்வி: கசிவை அடைக்கிற டின் மருந்து என்று கடைகளில் விற்கிறார்களே, அது சரிவருமா?

*110காரன்:*
தங்கச்சி, அதைத் தொடவேண்டாம். நானாவிடம் நானும் கேட்டேன். அந்த மருந்து ஈரம் பட்ட இடத்தில் இறுகும். ஓட்டையில் இறுகினால் சரி, உள்ளே ஈரம் நின்று வால்வுக்குள் இறுகினால்? காஸை உறிஞ்சி எடுக்கிற மெஷினையும் அடைத்துவிடும் என்பதால், அது போட்ட வண்டியென்றால் அவர் தொடவே மாட்டாராம்.

தெஹிவளை அண்ணை, அந்தப் பழைய கொம்ப்ரசரை இந்நேரம் யாரோ ரீகண்டிஷன் என்று வாங்கியிருப்பார்கள்.

நான் இப்போது மழையோ வெயிலோ, வாரம் ஒருதடவை பத்து நிமிடம் ஏசியைப் போட்டு விடுகிறேன். போன ஞாயிறு கார் வீட்டு வாசலில் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கதிரையிலிருந்து எட்டிப் பார்த்து, “உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை, ஆருக்கடா ஏசி போடுறாய்?” என்று கேட்டார். சீலுக்கு என்றேன்.