முதுகைத் தொட்டாலே துள்ளிய பெரியவள்

கொடைக்கானலிலிருந்து:

ஏரிக்கரையில் எங்களுக்கு இரண்டு சவாரிக் குதிரைகள். ஏரியை ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். சீசனில் எத்தனை சுற்று என்று கணக்கே கிடையாது. போன மே மாதம் பெரியவள் சேணத்தின் வாரை இறுக்கினாலே காதைப் பின்னால் மடக்க ஆரம்பித்தாள். முதுகில் பிரஷ் பட்டால் தோல் துடிக்கும். "சேட்டை, ரெண்டு நாள் வேலை வாங்கினா சரியாயிடும்" என்றார் சித்தப்பா.

தெரிந்தவர் ஒருவர், முதுகெலும்புச் சிகிச்சை படித்த கால்நடை மருத்துவரை அழைத்துவந்தார். அவர் முதலில் கையே வைக்கவில்லை, நடக்கவிட்டுப் பார்த்தார். அப்புறம் காய்கறிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று, உள்ளங்கையால் வெடுக்கென்று சின்னதாக ஒரு தள்ளு. சத்தமே இல்லை. பெரியவள் தலையைத் தொங்கப்போட்டுக் கொட்டாவி விட்டாள்.

"விலகின எலும்பை உள்ளே தள்ளிட்டீங்களா, சார்?"

"எலும்பு எங்கயும் விலகலப்பா. நெஞ்சுப் பகுதியில மட்டும் 18 முள்ளெலும்பு, ஒவ்வொண்ணுலயும் விலா பூட்டியிருக்கு. என் கைக்கு அதெல்லாம் இடம் மாறாது. இறுகின மூட்டு கொஞ்சம் அசையும், தசை தளரும், அவ்வளவுதான்."

இரண்டு வாரம் நன்றாக இருந்தாள். மூன்றாம் வாரம் பழைய கதை. போன் செய்தபோது, ஜீனியை, அதாவது சேணத்தை, கவிழ்த்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். இடப்பக்கப் பஞ்சு கட்டிதட்டிப் பலகை மாதிரி கிடந்தது. வருகிறவர்கள் எல்லோரும் இடப்பக்கமாகத்தானே தொங்கி ஏறுகிறார்கள்! இதை முதலில் பார்த்திருந்தால் அவள் ஒரு மாதம் வலியோடு சுமந்திருக்க மாட்டாள். பஞ்சை மாற்றியபின் காது மடங்கவில்லை.

ஊட்டியிலிருந்து:

எங்களுடையது ரேஸிலிருந்து ஓய்வுபெற்ற குதிரை. அதன் முதுகைப் பார்க்க வந்தவர் மருத்துவரே இல்லை. நெட்டி முறிக்கிற மாதிரி அமுக்கிவிட்டுக் காசு வாங்கிப் போனார். மறுநாள் குதிரை திரும்பவே மறுத்தது. எக்ஸ்ரே எடுத்தால், முதுகெலும்பின் மேல்முட்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த இடத்தில் அழுத்தியிருக்கவே கூடாதாம். இப்போது சவாரி இல்லை. கயிற்றில் பிடித்துத் தலையைத் தாழ்த்தி நடக்கப் பழக்குகிறோம். மெதுவாகத்தான் தேறுகிறது.

ஜீனிக்குப் பஞ்சு மாற்ற யாரிடம் கொடுத்தீர்கள்? இங்கே ஆள் கிடைக்கவில்லை.

கொடைக்கானலிலிருந்து:

மெத்தை தைப்பவரிடம்தான். ஆனால் பஞ்சு சீக்கிரம் கட்டியாகிவிடும், ஆட்டு ரோமம் வையுங்கள் என்கிறார் டாக்டர். ஆட்டுப் பண்ணை இருக்கிற மன்னவனூர்ப் பக்கம் கேட்டு வைத்திருக்கிறேன். கிடைத்தால் உங்களுக்கும் சேர்த்து வாங்குகிறேன்.